கல்லறையைத் தோண்டிய சிறுவன்: எட்வர்ட் எல்ரிக்கின் வளர்ச்சி

சிறுவர்களுக்கான சாகச அனிமேக்களில் நாயகன் வளர்கிறான் என்றால் பெரும்பாலும் அவன் பலம் கூடுகிறது என்றுதான் பொருள். எதிரி, பயிற்சி, புது வித்தை, இன்னும் பெரிய எதிரி என்று படிகள் ஏறிக்கொண்டே போகும். ஹிரோமு அரகாவாவின் மங்காவைத் தழுவி போன்ஸ் நிறுவனம் 64 பகுதிகளாக எடுத்த ‘ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட்: பிரதர்ஹுட்’ (2009–2010) இந்தக் கணக்குக்கு அடங்காது. 15 வயதில் நமக்கு அறிமுகமாகும்போதே எட்வர்ட் எல்ரிக் வட்டம் வரையாமல், வெறுமனே கைதட்டி ரசவாதம் செய்கிறான். இறுதியில் அந்த ஆற்றலே அவனிடம் இல்லை. அப்படியென்றால் வளர்ந்தது எது?

தம்பி அல்ஃபோன்ஸின் உடலை மீட்க எட்வர்ட் தன் ரசவாதத்தையே விலையாகக் கொடுக்கும் 63ஆம் பகுதியைத்தான் இதற்கு விடையாகக் காட்டுவது வழக்கம். தியாகமே முதிர்ச்சி என்பது கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் தியாகம் அவனுக்குப் புதிதல்ல. 11 வயதில், இறந்த தாயை உயிர்ப்பிக்கப் போய் இடது காலை இழந்த அதே இரவில், உடலை முழுதாக இழந்த தம்பியின் உயிரை இரும்புக் கவசத்தில் நிறுத்த வலது கையைத் தயங்காமல் கொடுத்தவன் அவன். கொடுக்கும் மனம் முதலிலேயே இருந்தது. எதை, எதற்காகக் கொடுக்கிறோம் என்ற தெளிவுதான் இல்லை. அந்தத் தெளிவு பிறக்கும் இடம் 20ஆம் பகுதி என்பது என் வாதம்.

தாயை உயிர்ப்பிக்க முயன்ற அந்த இரவில் சிறுவர்கள் உருவாக்கியது ஒரு கோரமான உடல். சற்று நேரமே உயிரோடிருந்த அதை அண்டை வீட்டுப் பினாகோப் பாட்டி புதைத்துவிட்டார். தாயை மீட்டு வந்து மறுபடியும் சாகவிட்டோம் என்றே சகோதரர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். வருடங்கள் கழித்து ஊருக்கு வரும் எட்வர்ட், அது உண்மையில் அவள்தானா என்று தந்தை ஹோஹென்ஹைம் பாட்டியிடம் கேட்பதைக் காதில் வாங்குகிறான். மண்வெட்டியை எடுக்கிறான். மழை பெய்கிறது, செயற்கைக் கைகால் பொருத்திய இடங்கள் வலிக்கின்றன, தோண்டத் தோண்ட வாந்தி வருகிறது. போதும் என்று பாட்டி சொல்லியும் அவன் நிறுத்தவில்லை. கடைசியில் கிடைப்பது கறுப்பு முடியும் நீளமான தொடை எலும்பும். தாயின் கூந்தலோ பழுப்பு நிறம். சேற்றில் அமர்ந்தபடி அவன் சிரிக்கிறான்.

இந்தச் சிரிப்பை ஆறுதல் என்று மட்டும் எடுத்துக்கொண்டால் பாதிதான் புரியும். ஒரே சோதனையில் இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. இறந்தவர் எந்த விலைக்கும் திரும்புவதில்லை. அல்ஃபோன்ஸோ இறந்தவன் அல்ல. அவன் திரும்ப வழியுண்டு. அதுவரை ஒரே பாவச்சுமையாக அழுத்திக்கொண்டிருந்தது இங்கே இரண்டாகப் பிரிகிறது. தன் குழந்தையை உயிர்ப்பிக்க முயன்று தோற்ற குருநாதர் இசுமியும் இதைக் கேட்டுத் தன் பங்குக்குச் சோதிக்கிறார். தன் பிள்ளையை இரண்டு முறை கொன்றவள் என்ற வேதனை அவரிடமிருந்து இறங்குகிறது. அருவருப்பைப் பொறுத்துக்கொண்டு ஒரு நம்பிக்கையைச் சரிபார்த்ததால் இவ்வளவும் நடக்கிறது. ஒரு சண்டைக் காட்சியும் இதற்குத் தேவைப்படவில்லை.

அதே அளவுகோலை அவன் 26ஆம் பகுதியில் மறுபடியும் எடுக்கிறான், கூடுதல் மனக்கசப்போடு. ரசவாத ஆற்றலைப் பெருக்கும் ஞானக்கல் உயிருள்ள மனிதர்களால் ஆனது என்று அறிந்து அதை மறுத்தவன், எதிரியான செயற்கை மனிதன் குளட்டனியின் வயிற்றிலிருந்து தப்ப, அவனுடைய கூட்டாளி என்வியின் உடலிலுள்ள கல்லைப் பயன்படுத்துகிறான். அந்த உயிர்களுக்குத் திரும்பிச் செல்ல உடல் இல்லை என்பதே அவன் சொல்லும் காரணம். முரண்பாடு என்று இதைக் குறை சொல்பவர்கள் உண்டு. கொள்கையை மட்டும் பார்த்தால் முரண்பாடுதான். ஆனால் திரும்ப முடிந்தவர், முடியாதவர் என்று பிரிக்கக் கல்லறையில் கற்றுக்கொண்டவனின் முடிவு இது.

2003இல் செய்ஜி மிசுஷிமா இயக்கிய முதல் தொடரோடு ஒப்பிட்டால் இது இன்னும் துலங்கும். மங்கா முடியாத நிலையில் அந்தத் தொடர் தன் வழியில் பிரிந்து சென்றது. அங்கே சிறுவர்கள் உருவாக்கிய உடல் ஸ்லாத் என்ற பாத்திரமாகத் தாயின் முகத்தோடே நடமாடுகிறது. எட்வர்ட் அந்த முகத்தோடு போராடியாக வேண்டும்; குற்ற உணர்வு தீர வழியில்லை. ரசவாதத்தின் அடிப்படையான ஈடுக்கு ஈடு என்ற விதியும் பொய்யாகிறது. அவன் வேற்றுலகத்தில், மியூனிக்கில், தம்பியைப் பிரிந்து நிற்கிறான். தொடக்கம் ஒன்றேயான இரு சிறுவர்கள் இப்படி வேறுவேறாக வளர்வதற்குப் புதைந்து கிடந்தது யார் என்ற ஒரே கேள்வி முக்கியக் காரணம். துயரத்தின் ஆழத்தில் 2003 தொடரே மேல் என்பேன். ஆனால் அங்கே நாயகன் தாங்கிக்கொள்கிறான், பிரதர்ஹுட்டில் ஆராய்கிறான்.

இந்தப் பின்னணியில் 63ஆம் பகுதி வேறு தோற்றம் கொள்கிறது. ரசவாதம் இல்லாமல் வெறும் மனிதனாகிவிடுவாயே என்று கேட்கப்படும்போது, தான் எப்போதும் வெறும் மனிதன்தான் என்கிறான். மிருகத்தோடு இணைக்கப்பட்ட சிறுமி ஒருத்தியைக்கூடக் காப்பாற்ற முடியாதவன் என்கிறான். 4ஆம் பகுதியில் அந்தச் சிறுமி நீனாவை இழந்தபோது கதறலாக வந்தது இங்கே அமைதியான வாதமாக வருகிறது.

என் வாதத்துக்கு ஒரு தடையும் உண்டு. எட்வர்டின் கைகளில் இரத்தம் படியாமல் கதை கவனமாகப் பார்த்துக்கொள்கிறது. இராணுவம் இஷ்வால் மக்கள்மீது நடத்திய படுகொலையின் கணக்கு, அதில் பங்கேற்ற அதிகாரிகளான ராய் மஸ்டாங்கின் தலையிலும் ரீஸா ஹாக்ஐயின் தலையிலும் விழுகிறது. ஞானக்கல்லாகிப்போன மக்களின் கணக்கை ஹோஹென்ஹைம் சுமக்கிறார். பெரியவர்கள் தீர்க்க முடியாத கடன்களைச் சுமந்து நிற்க, சிறுவனுக்கு மட்டும் தீர்க்கக்கூடிய கடன் வாய்த்திருக்கிறது. அவன் முறை வெற்றி பெறுவதற்கு இந்தச் சலுகையும் காரணம் என்பதை மறுக்க இயலாது.