அலைகளைப் பிரித்த கணக்கு

சிறுகோள்களின் பாதையைக் கணிக்க 1805ஆம் ஆண்டளவில் காவுஸ் ஒரு குறுக்குவழி எழுதி வைத்தார். அவர் மறைந்த பின், 1866இல்தான் அது அச்சேறியது. எவரும் பொருட்படுத்தவில்லை. அதே வழியை 1965இல் கூலியும் டூக்கியும் தாமே கண்டடைந்தனர். விரைவு ஃபூரியே உருமாற்றம் என்று அதை நாம் அறிவோம்.

1966இல் பெல் ஆய்வகத்தின் ராபர்ட் சாங், வேகமான ஓர் ஊர்தி அலைக்குப் பதிலாக, மெதுவான பல அலைகளில் தகவலைப் பகிர்ந்தனுப்பக் கணித அடித்தளம் அமைத்தார். ஒன்றன்மேல் ஒன்று படிந்தாலும் அவை பெறுமிடத்தில் கலங்காமல் பிரியும். ஆனால் ஒவ்வோர் அலைக்கும் தனிச் சுற்று தேவைப்பட்டது. அத்தனையையும் ஒரே ஃபூரியே கணக்கீட்டில் உருவாக்கலாம் என்று 1971இல் வைன்ஸ்டீனும் ஈபர்ட்டும் காட்டினர். 1980இல் பெலெடும் ரூயிஸும் ஒவ்வொரு குறியின் வாலையும் நகலெடுத்துத் தலையில் சேர்த்து, எதிரொலியின் குழப்பத்தைக் களைந்தனர். 1999இல் இம்முறை வைஃபைக்குள் நுழைந்தது.

ஆயினும் அதற்கொரு குறை உண்டு: அலைகள் பக்கத்து அலைவரிசைகளில் கசியும். ஐந்தாம் தலைமுறைக்கான தேடலில், சாங்கின் மூல வடிவை ஒத்த, வடிகட்டப்பட்ட அலைகள் மீண்டும் சோதிக்கப்பட்டன. அவற்றின் கசிவு குறைவு, கணக்கீடோ சிக்கல். 2018ஆம் ஆண்டுத் தரம் பழைய முறையையே ஏற்றது. அலைகளின் இடைவெளியை மட்டும் 15, 30, 60, 120 கிலோஹெர்ட்ஸ் எனத் தேவைக்கேற்ப மாற்ற இடமளித்தது.

அன்றைய கருவிக்கு எளிதானதே அன்று வெல்கிறது. ஒதுக்கப்பட்ட வடிவங்களை அதற்காகத் தோற்றவை என நாம் எழுதிவிட வேண்டியதில்லை. காவுஸின் கணக்கும் நூறாண்டுகளுக்கு மேல் அப்படித்தான் கிடந்தது.