நூறு வாட் என்றால் எவ்வளவு?

திரையரங்கில் கேட்கும் ஒலியை வீட்டுக் கூடத்திலேயே கேட்க வேண்டும் என்ற ஆசை இன்று பலருக்கும் உண்டு. ஐந்து ஸ்பீக்கர்கள், தாழ்ந்த ஒலிகளுக்கெனத் தனியாக ஒரு சப்வூஃபர், இவற்றை இயக்க ஓர் ஆம்பிளிபயர். கடைக்குப் போய் விசாரித்துப் பாருங்கள். ஓர் ஆம்பிளிபயரின் அட்டைப் பெட்டியில் '100 வாட்' என்று இருக்கும். அதைவிட விலை குறைந்த மற்றொன்றில் '1,000 வாட்' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும். கையில் உள்ள பணமோ அளவானது. இரண்டில் எதை வாங்குவீர்கள்?

விடை சொல்வதற்கு முன், அந்த எண்கள் எப்படிப் பிறந்தன என்பதை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். அது ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட கதை.

மடையும் வெள்ளமும்

ஏரி மடையை நினைத்துக் கொள்ளுங்கள். மடைக் கதவைத் தூக்கவும் இறக்கவும் ஒருவரின் கைவலிமை போதும். ஆனால் அந்தச் சிறு அசைவுக்கேற்பப் பாய்ந்து வரும் நீரின் வேகமோ மிகப் பெரிது. நீருக்கு அந்த வலிமையைத் தருவது ஏரி. கை அதைக் கட்டுப்படுத்துகிறது, அவ்வளவே.

ஆம்பிளிபயரும் இப்படித்தான் வேலை செய்கிறது. ஒலிவாங்கியிலிருந்தோ குறுந்தகட்டுக் கருவியிலிருந்தோ வரும் மின்குறிப்பு மிகவும் பலவீனமானது. சுவரிலுள்ள மின் இணைப்பிலிருந்து வரும் பெரிய ஆற்றலை அக்குறிப்பின் ஏற்ற இறக்கத்திற்கேற்பத் திறந்தும் மூடியும் ஸ்பீக்கருக்கு அனுப்புவதே ஆம்பிளிபயரின் பணி. கை அசைந்தபடியே கதவும் அசைந்தால் ஒலி தூய்மையாக இருக்கும். அசைவு சற்று மாறினாலும் ஒலியின் வடிவம் கெடும். இந்தக் கேட்டையே 'திரிபு' என்கிறோம்.

இத்தகைய மின்மடையை முதலில் அமைத்தவர் அமெரிக்கரான லீ டி பாரஸ்ட். வெற்றிடக் குழாயினுள் மூன்றாவது மின்வாய் ஒன்றைச் சேர்த்து, 1906-இல் அவர் உருவாக்கிய 'ஆடியான்' என்னும் வால்வே இதற்கு அடிப்படை. பிறர் அதன் வெற்றிடத்தைச் செம்மைப்படுத்திய பின், 1915-இல் நியூயார்க்கையும் சான்பிரான்சிஸ்கோவையும் இணைத்த நெடுந்தொலைபேசிக் கம்பியில் தேய்ந்துபோன குரலை வால்வுகள் மீண்டும் எழுப்பின. 1919-இல் சான்டியாகோ நகரில் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் ஆற்றிய உரையை ஒலிபெருக்கியின் துணையால் ஏறத்தாழ 50,000 மக்கள் கேட்டனர்.

சில வாட்டில் ஒரு திரையரங்கம்

1926-லும் 1927-லும் 'டான் ஜுவான்', 'தி ஜாஸ் சிங்கர்' ஆகிய படங்கள் ஒலியுடன் வெளிவந்தன. நூற்றுக்கணக்கானோர் அமர்ந்த பெரிய அரங்குகளை ஒலியால் நிரப்ப வேண்டியிருந்தது. அதற்கு எத்தனை வாட் தேவைப்பட்டிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? அக்காலத் திரையரங்க ஆம்பிளிபயர்களின் திறன் இன்றைய சாதாரண வீட்டுக் கருவியின் திறனைவிடக் குறைவு!

இது எப்படி முடிந்தது? விடை ஆம்பிளிபயரில் இல்லை, ஸ்பீக்கரில் இருக்கிறது. அக்காலத் திரைகளின் பின்னே ஆள் உயரத்துக்கு மேற்பட்ட கொம்பு வடிவ ஸ்பீக்கர்கள் நின்றன. நாதஸ்வரத்தின் விரிந்த அணசைப் போல, கொம்பின் வாய் காற்றோடு ஒலியை நன்கு பிணைக்கிறது. தன்னிடம் வந்த மின்னாற்றலில் கால் பங்கு அளவுக்கு நல்ல கொம்பு ஸ்பீக்கரால் ஒலியாக மாற்ற முடியும்.

இன்று அலமாரியில் வைக்கும் சிறிய ஸ்பீக்கரோ, தனக்குக் கிடைத்த ஆற்றலில் நூற்றில் அரைப் பங்கைக்கூட ஒலியாக்குவதில்லை. எஞ்சியது முழுவதும் வெப்பமாக வீணாகிறது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஐம்பது, அறுபது மடங்கு! ஆகவே ஸ்பீக்கரைக் குறிப்பிடாமல் வாட்டை மட்டும் பேசுவது, அடுப்பைப் பற்றிக் கேட்காமல் விறகை மட்டும் எடை போடுவது போன்றது.

படகில் தோன்றிய எண்ணம்

தொலைபேசிக் கம்பியில் பல வால்வுகளை அடுத்தடுத்து வைத்தபோது ஒவ்வொன்றின் திரிபும் சேர்ந்து குரலையே கெடுத்தது. பெல் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த ஹெரால்டு பிளாக் என்ற இளம் பொறியாளர் இச்சிக்கலுடன் ஆறு ஆண்டுகள் போராடினார். 1927 ஆகஸ்டு 2 அன்று காலை, வேலைக்குச் செல்ல ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்துகொண்டிருந்தபோது அவருக்கு விடை தோன்றியது. கையிலிருந்த 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழின் பக்கத்திலேயே அதை எழுதி வைத்தார்.

அவர் கண்ட வழி எளியது. வெளிவரும் குறிப்பில் ஒரு சிறு பகுதியை எடுத்து, தலைகீழாகத் திருப்பி, நுழைவாயிலுக்கே அனுப்ப வேண்டும். அங்கே மூலக் குறிப்போடு அது ஒப்பிடப்படும். பிழை எவ்வளவோ அவ்வளவு திருத்தம் தானாகவே நிகழும். இதுவே 'எதிர்ப் பின்னூட்டம்'. பெருக்கத்தின் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்துத் தூய்மையைப் பெறும் இம்முறை அக்காலத்தினருக்கு விந்தையாகத் தோன்றியது. பிளாக்கின் காப்புரிமை விண்ணப்பம் ஏற்கப்பட ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இன்று நீங்கள் வாங்கும் மலிவான ஆம்பிளிபயரிலும் அந்தப் படகுப் பயணத்தின் பயன் அடங்கியிருக்கிறது.

இதை இசை ரசிகர்களின் வீட்டுக்குக் கொண்டு வந்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர் பிரிட்டனைச் சேர்ந்த டி. டி. என். வில்லியம்சன். 1947-இல் 'வயர்லெஸ் வேர்ல்டு' என்ற இதழில் தமது ஆம்பிளிபயரின் அமைப்பை அனைவரும் காண வெளியிட்டார். அதன் திறன் 15 வாட்; திரிபு 0.1 சதவீதத்துக்கும் குறைவு. போருக்குப் பிந்தைய பற்றாக்குறைக் காலத்தில் எண்ணற்ற ஆர்வலர்கள் பாகங்களை வாங்கித் தாங்களே அதைக் கட்டினார்கள். அமெரிக்காவில் 1959-இல் வெளிவந்த 'டைனாகோ ஸ்டீரியோ 70' என்னும் கருவியும் உதிரிப் பாகங்களாக விற்கப்பட்டது. பக்கத்துக்கு 35 வாட் தந்த அதை வாங்கியவர்கள் பலர் தம் வீட்டு மேசையிலேயே பற்றவைத்து முடித்தனர். குறைந்த செலவில் நல்ல ஒலி வேண்டும் என்ற உங்கள் ஆசை புதிதல்ல என்பது இதனால் விளங்கும்.

பெட்டி சுருங்கியது, வாட் பெருகியது

1954-இல் எட்கர் வில்ச்சர் என்ற அமெரிக்கர், காற்றுப் புகாமல் அடைத்த சிறு பெட்டியில் ஆழ்ந்த ஒலியை எழுப்பும் ஸ்பீக்கரை அறிமுகப்படுத்தினார். அறையை அடைத்துக்கொண்டு நின்ற பெரிய பெட்டிகளுக்கு இனித் தேவையில்லை. ஆனால் இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. சிறிய பெட்டி, ஆழ்ந்த ஒலி, உயர்ந்த திறமை ஆகிய மூன்றில் ஏதேனும் இரண்டைத்தான் பெறலாம். பெட்டி சிறுத்தபோது திறமையும் குறைந்தது. குறையை ஈடுகட்ட ஆம்பிளிபயரின் வாட் ஏறியது. டிரான்சிஸ்டர் வந்தபின் அதிக வாட் தருவது எளிதாகவும் ஆயிற்று.

இவ்வாறு வாட் ஒரு விற்பனை எண்ணாக மாறியது. 1960-களில் அமெரிக்க விளம்பரங்களில் நடந்த வித்தையைக் காணுங்கள். பக்கத்துக்கு 20 வாட் தொடர்ந்து தரும் ஸ்டீரியோ ஆம்பிளிபயர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரு பக்கத்தையும் கூட்டினால் 40. தொடர்ச்சியான திறனை விட்டு, கணநேர உச்சத்தைக் குறித்தால் அது இருமடங்காகி 80. திரிபு எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை என்று அளந்தால் எண் 100-ஐத் தாண்டும். உள்ளே ஒரு திருகாணிகூட மாறவில்லை. பெட்டியின் மேல் எண் மட்டும் ஐந்து மடங்காகிவிட்டது! நம் நாட்டுக் கடைகளில் பலர் கண்டிருக்கும் 'பி.எம்.பி.ஓ.' என்ற எண்ணும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. அதை அளப்பதற்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட முறை எதுவும் கிடையாது.

இதற்கு முடிவு கட்ட, அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 1974-இல் ஒரு விதியைப் பிறப்பித்தது. ஆற்றலை விளம்பரப்படுத்துவோர், ஒவ்வொரு பக்கமும் தொடர்ந்து தரும் சராசரி வாட், எத்தனை ஓம் சுமையில், எந்த அதிர்வெண் எல்லைக்குள், எவ்வளவு திரிபுடன் என்பவற்றைக் கூற வேண்டும். அளப்பதற்கு முன், சொன்ன திறனில் மூன்றில் ஒரு பங்கில் ஒரு மணி நேரம் கருவியை ஓட்டிச் சூடேற்ற வேண்டும் என்றும் விதி கூறியது. மூன்றில் ஒரு பங்கு ஏன்? அன்றைய வகை ஆம்பிளிபயர்கள் முழுத் திறனில் ஓடும்போதைவிட, ஏறக்குறைய அந்த அளவில் ஓடும்போதுதான் உள்ளே மிகுதியாகச் சூடாகின்றன! 2000-ஆம் ஆண்டில் இது எட்டில் ஒரு பங்காகத் தளர்த்தப்பட்டது.

பின்னர் ஹோம் தியேட்டர் வந்தது. இரு பக்கங்கள் ஐந்தாகவும் ஏழாகவும் பெருகின. ஒரே ஒரு பக்கத்தை மட்டும், ஒரே அதிர்வெண்ணில், 6 ஓம் சுமையில், 10 சதவீதத் திரிபோடு அளந்த எண்களும் பெட்டிகளில் இடம்பெற்றன. ஆகவே ஆணையம் 2024-இல் விதியை மீண்டும் இறுக்கியது. 8 ஓம் சுமையில், 20 முதல் 20,000 ஹெர்ட்சு வரை, 1 சதவீதத்துக்குக் குறைந்த திரிபுடன் அளக்க வேண்டும் என்று வரையறுத்தது. ஐம்பது ஆண்டுகளில் கருவிகள் மாறின. எண்ணை ஊதிப் பெருக்கும் பழக்கம் மாறவில்லை.

உங்களுக்கு எவ்வளவு தேவை?

நம் செவி ஆற்றலை நேராக அளப்பதில்லை. வாட் இருமடங்கானால் ஒலி 3 டெசிபல் மட்டுமே உயரும். ஒலி இருமடங்கு உரத்துக் கேட்பதாக நாம் உணர ஏறத்தாழ பத்து மடங்கு வாட் வேண்டும். 50 வாட்டுக்கும் 60 வாட்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு டெசிபலுக்கும் குறைவு. அதற்கெனக் கூடுதல் விலை கொடுப்பது வீண்.

இனி ஒரு கணக்கைப் போடுவோம். பல ஸ்பீக்கர்கள் 1 வாட்டில், 1 மீட்டர் தொலைவில், 88 டெசிபல் அளவுக்கு ஒலிக்கும். இதை அதன் 'உணர்திறன்' என்பர். நீங்கள் 3 மீட்டர் தள்ளி அமர்ந்தால் திறந்த வெளியில் ஒலி சுமார் 9.5 டெசிபல் குறைந்து 78.5 ஆகும். திரைப்படத்தின் வெடியோசை 95 டெசிபலை எட்ட வேண்டுமானால் மேலும் 16.5 டெசிபல் தேவை; அதாவது 45 வாட். வீட்டுச் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் உண்மைத் தேவை இன்னும் குறையும். சாதாரணப் பேச்சுக்கோ ஒன்றிரண்டு வாட்டே போதும். திரையரங்குகளின் அளவுகோலான 105 டெசிபலை வீட்டில் கேட்க விரும்பினால் அதே கணக்கு 450 வாட் என்று காட்டும். ஆனால் அவ்வளவு ஓசையை அண்டை வீட்டார் பொறுப்பார்களா என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

இப்போது ஸ்பீக்கரை மாற்றுவோம். உணர்திறன் 88-க்குப் பதிலாக 91 டெசிபல் என்றால், 45 வாட் தேவை 22 வாட்டாகக் குறைகிறது. நல்ல ஸ்பீக்கரைத் தேர்ந்தவர் இருமடங்கு ஆம்பிளிபயரை இலவசமாகப் பெற்றவராகிறார்.

வாங்கும்போது

முதலில் ஸ்பீக்கரைத் தீர்மானியுங்கள். அதன் உணர்திறனையும் ஓம் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். பணத்தின் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்குங்கள். 1987-இல் 'ஸ்டீரியோ ரெவ்யூ' என்ற அமெரிக்க இதழ், சில நூறு டாலர் முதல் பல ஆயிரம் டாலர் வரை விலையுள்ள ஆம்பிளிபயர்களை ஒரே ஒலியளவில் வைத்து, பெயரை மறைத்துக் கேட்கச் செய்தது. கேட்டவர்களால் அவற்றை நம்பகமாக வேறுபடுத்த இயலவில்லை. ஸ்பீக்கர்களுக்கு இடையிலான வேறுபாட்டையோ எவரும் எளிதில் உணரலாம்.

அடுத்து, ஆம்பிளிபயரின் வாட் எண்ணைக் கண்டதும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: எத்தனை பக்கங்கள் ஒருங்கே இயங்கும்போது? எத்தனை ஓமில்? எந்த அதிர்வெண் எல்லைக்குள்? எவ்வளவு திரிபுடன்? விவரக் குறிப்பில் இவற்றுக்கு விடை இல்லையென்றால், அந்த எண்ணுக்கு மதிப்பும் இல்லை.

மூன்றாவதாக, கருவியின் பின்புறத் தகட்டைப் பாருங்கள். மின்சாரம் எத்தனை வாட் செலவாகும் என்று அதில் இருக்கும். இது உச்ச அளவைக் காட்டாமல் இருக்கலாம். ஆயினும் நல்ல எச்சரிக்கை. 60 வாட் வாங்கும் கருவி 1,000 வாட்டைத் தொடர்ந்து தர முடியாது. ஆற்றல் அழிவின்மை விதியை எந்த விளம்பரத்தாலும் மீற இயலாது அன்றோ!

கடைசியாக, சொந்த ஆம்பிளிபயர் உள்ளடங்கிய சப்வூஃபரைத் தேர்ந்தெடுங்கள். அதிக ஆற்றலை விழுங்கும் தாழ்ந்த ஒலிகளை அது ஏற்றுக்கொள்வதால் மற்ற ஸ்பீக்கர்களுக்குச் சிறிய ஆம்பிளிபயரே போதும். பணம் போதாவிட்டால் இரண்டு நல்ல ஸ்பீக்கர்களோடு தொடங்கி, ஆண்டுக்கு ஒன்றாகச் சேர்க்கலாம்.

உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு ஒலிக்கருவி இருக்குமானால், அதன் பெட்டியில் உள்ள வாட்டையும் பின்தகட்டில் உள்ள வாட்டையும் இன்றே ஒப்பிட்டுப் பாருங்கள். விற்பவர் சொல்லும் எண் எது, கருவி தரக்கூடியது எது என்பதை உங்களால் அறிய முடியும். அடுத்த முறை கடையில் 1,000 வாட் பெட்டியைக் கண்டால், மேற்சொன்ன நான்கு கேள்விகளையும் தயங்காமல் கேளுங்கள்.