முறிந்த உறுப்பு உரைக்கும் வரலாறு

ஒரு கருவி பழுதின்றி இயங்கும்வரை அதன் உள்ளுறுப்புகளை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அஃது இயங்காது நின்றபோதுதான் எது முறிந்தது, ஏன் முறிந்தது, எதனைக்கொண்டு ஈடு செய்வது என்னும் வினாக்கள் எழுகின்றன. இருநூறு ஆண்டுப் பழமையுடைய அமெரிக்கக் கைத்துப்பாக்கி ஒன்றை முன்வைத்து இவ்வினாக்களை எழுப்பினால், விடை அக்கருவியோடு நின்றுவிடுவதில்லை. அந்நாட்டின் தொழில் வரலாற்றில் நெடுங்காலம் நிலைபெற்றிருந்த ஒரு புகழுரையையும் அது அசைத்துவிடுகிறது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பூட்டும் பழுதும்

அக்காலக் கைத்துப்பாக்கி சக்கிமுக்கிக் கல்லால் தீ எழுப்புவது. பக்கவாட்டில் பொருத்தப்பட்ட பூட்டே அதன் உயிர்நிலை. கல்லைக் கவ்வி நிற்கும் புற உறுப்பைத் தமிழில் குதிரை என்பர். குதிரையின் அச்சு, பூட்டுத்தகட்டின் உட்புறத்தில் வெட்டுகள் உடைய ஒரு சில்லோடு இணைகிறது. மடக்கிய பெருவில் ஒன்று அச்சில்லை அழுத்த, வெட்டில் விழுந்து நிற்கும் நெம்பு குதிரையைப் பிடித்து வைக்கிறது. விசையை இழுத்தால் நெம்பு விலகும்; குதிரை பாய்ந்து கல்லை எஃகுத் தகட்டில் உரசும்; பொறி கிண்ணியிலுள்ள மருந்தில் விழ, சிறு துளை வழியே தீ குழலினுள் செல்லும்.

பழுது காண முற்படுவோர் முதலில் அறியவேண்டுவது, குழலினுள் மருந்தும் குண்டும் இன்னும் இருக்கின்றனவா என்பதே. கோல் ஒன்றை உட்செலுத்தி ஆழத்தை அளந்து, குழலின் புற நீளத்தோடு ஒப்பிட்டால் இது விளங்கும். பல தலைமுறை கடந்தும் மருந்தோடு கண்டெடுக்கப்பட்ட துப்பாக்கிகள் உள்ளமையின், இதனைச் செய்யாது குதிரையைத் தொடுதல் தகாது. அதன்பின் குதிரையைப் பின்னிழுக்கும்போது எதிர்ப்பே இன்றி அது தளர்ந்து ஆடுமாயின், பெருவில் முறிந்தது என்று பெரும்பாலும் துணியலாம். எதிர்ப்பு வலுவாக இருந்தும் வெட்டில் நில்லாது வழுவுமாயின், நெம்பின் முனையோ சில்லின் வெட்டோ தேய்ந்திருக்கும். அன்றி, நெம்பைத் தள்ளும் சிறுவில் ஒடிந்திருக்கும். குதிரை விரைந்து பாய்ந்தும் பொறி எழாவிடின், கல் மழுங்கியதோ, எஃகுத் தகட்டின் கடினமான மேற்பரப்பு தேய்ந்ததோ காரணமாகலாம்.

பெருவில் ஒடியுமாயின் பெரும்பாலும் மடிப்பிலேயே ஒடியும். காய்ச்சித் தோய்த்த எஃகை மீண்டும் அளவாகச் சூடேற்றிப் பதப்படுத்தாவிடின் அது கண்ணாடிபோல் நொறுங்கும். அச்சூடு மிகுந்தாலோ வலுவிழந்து தளரும். எனவே முறிந்த விளிம்பை நோக்குதல், அதனைச் செய்த கொல்லனின் உலைக்களப் பக்குவத்தை நோக்குதலும் ஆகும்.

பொருந்தாத உறுப்பு

இனி ஈடு செய்தல். அதே பட்டறையில் அதே ஆண்டில் செய்த வேறொரு துப்பாக்கியின் வில்லையோ நெம்பையோ எடுத்துப் பொருத்தலாம் எனத் தோன்றும். பொருத்த முயன்றால் திருகுத்துளை விலகி நிற்கும். நெம்பின் முனை வெட்டில் அமராது. காரணம், அவ்வுறுப்புகள் ஒன்றுக்கொன்று அரத்தால் இழைத்துப் பொருத்தப்பட்டவை. இரும்பு மென்மையாக இருக்கும்போதே உறுப்புகளை இழைத்துச் சேர்த்துப் பார்ப்பர். பின் பிரித்துக் கடினப்படுத்துவர். அப்போது ஒன்றன் உறுப்பு மற்றொன்றோடு கலந்துவிடாதிருக்கச் சிறு வெட்டுகளையோ புள்ளிகளையோ எண்களையோ பொறித்து வைத்தனர். ஏட்டுச்சுவடிகளின் இதழ் வரிசையை இதழெண் காப்பதுபோல இக்குறிகள் உறுப்புகளின் உறவைக் காத்தன. குறி உண்டெனில், அவ்வுறுப்பு அக்கருவிக்கே உரியதாகச் செய்யப்பட்டது என்பது பெறப்படும்.

இந்நிலையை மாற்றும் முயற்சி பிரான்சில் முன்னரே தோன்றியது. 1785 ஆகஸ்டு 30 அன்று பாரிசிலிருந்து தாமஸ் ஜெஃபர்சன் எழுதிய கடிதம் இதற்குச் சான்று. ஐம்பது பூட்டுகளின் உறுப்புகளைப் பிரித்துவைத்த ஒரு கைவினைஞரிடம் சென்று, கைக்கு வந்தவற்றை எடுத்துத் தாமே பல பூட்டுகளைச் சேர்த்ததாகவும், அவை செம்மையாகப் பொருந்தியதாகவும் அவர் அதில் குறிப்பிடுகிறார். அக்கைவினைஞர் ஓனோரே பிளான் என்பவர் என ஆய்வாளர் கொள்வர்.

இருவர், ஓராண்டு

அமெரிக்காவில் இப்புகழ் பருத்தி விதை நீக்கும் பொறியால் பெயர்பெற்ற ஈலி விட்னியைச் சேர்ந்தது. அவர் 1798-இல் பத்தாயிரம் துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம் செய்தார். 1801-இல் தலைநகரில் ஆட்சியாளர் முன்னிலையில் பூட்டுகளை மாற்றிப் பொருத்திக் காட்டினார். இரண்டாண்டில் தரவேண்டிய துப்பாக்கிகள் முழுமையும் 1809-இல்தான் வந்து சேர்ந்தன. எனினும் மாற்றிப் பொருத்தத்தக்க உறுப்புகளின் தந்தை எனப் பாடநூல்கள் அவரைப் போற்றின.

1960-இல் ராபர்ட் உட்பரி என்னும் வரலாற்றறிஞர் இப்புகழுரையைக் கட்டுக்கதை எனச் சான்றுகளோடு மறுத்தார். எஞ்சியிருந்த விட்னி துப்பாக்கிகளைப் பிரித்துப் பார்த்தபோது, ஒன்றன் உறுப்பு மற்றொன்றில் பொருந்தவில்லை. தனித்தனிக் குறிகளும் அவற்றில் காணப்பட்டன. மேடையில் காட்டியது ஒன்று, பட்டறையில் நிகழ்ந்தது வேறு என்பதை இரும்பே வெளிப்படுத்திவிட்டது.

விட்னி பிறந்த அதே 1765-ஆம் ஆண்டில், அதே நியூ இங்கிலாந்துப் பகுதியில் பிறந்தவர் சிமியோன் நார்த். கனெக்டிகட்டின் பெர்லின் ஊரில் அரிவாள் செய்து வாழ்ந்த இவர், 1799-இல் அரசுக்கு ஐந்நூறு கைத்துப்பாக்கிகள் செய்ய இசைந்தார். ஒரு தொழிலாளியை ஒரே உறுப்பில் நிறுத்தி ஈராயிரம் செய்யவைத்தால் உழைப்பில் காற்பங்கேனும் மிஞ்சுகிறது என 1808-இல் கடற்படைச் செயலருக்கு எழுதினார். 1813-இல் இருபதாயிரம் கைத்துப்பாக்கிகளுக்கு அவர் செய்த ஒப்பந்தம், எந்த ஒன்றன் உறுப்பும் ஏனைய எதனிலும் பொருந்தவேண்டும் என நிபந்தனை விதித்தது. அவ்வொப்பந்தத்தில் துப்பாக்கியின் பகுதியைக் குறிக்க ஆளப்பட்ட ஆங்கிலச் சொல் கை, கால் முதலியவற்றையும் குறிப்பது. நம் உறுப்பு என்னும் சொல்லும் இவ்விரு பொருளையும் தாங்குவது எண்ணத்தக்கது.

ஏட்டில் எழுதிய நிபந்தனையை இரும்பில் நிறைவேற்ற மேலும் பல்லாண்டுகள் தேவைப்பட்டன. ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஆயுதசாலையில் ஜான் ஹால் அளவுகருவிகளையும் வெட்டுப்பொறிகளையும் கொண்டு 1820-களில் இவ்வழியில் வெற்றி கண்டார். 1834-இல் நார்த்தின் மிடில்டவுன் தொழிற்சாலையில் செய்த ஹால் துப்பாக்கிகளின் உறுப்புகள், தொலைவிலுள்ள ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில் செய்தவற்றோடு மாறிப் பொருந்தின. 1852-இல் நார்த் மறைந்தார். விட்னிக்குக் கிட்டிய புகழில் சிறு பங்கும் அவருக்குக் கிட்டவில்லை.

காப்போர் கடமை

இவ்வுண்மை வெளிப்பட்டமைக்குக் காரணம், பழைய உறுப்புகளைச் சிலர் எறியாது வைத்திருந்தமையே. பழுது நீக்குவோர் புதிய வில்லைப் பொருத்துவது தவறன்று. ஆனால் அது பொருந்தும்பொருட்டுப் பூட்டுத்தகட்டை இழைத்தாலோ, குறிகளைத் தேய்த்து மெருகேற்றினாலோ சான்று அழிந்துவிடும். முறிந்த வில்லின் இரு துண்டுகளையும் பெயர்ச்சீட்டு இட்டு அக்கருவியோடே வைத்தல் வேண்டும். அடுத்து வரும் ஆய்வாளர் தேடுவது அத்துண்டுகளையே.