அம்மையும் அம்மனும்

தென்காசி வட்டாரத்தில் பெரியம்மை பரவுவதாகச் சேதி வந்தால், ஊர் முதலில் நாடியது மாரியம்மன், முப்பிடாதி அம்மன் கோயில்களைத்தான். நோயே அம்மனின் வருகை என்று கருதப்பட்டது. வாசலில் வேப்பிலை செருகிய வீட்டுக்குள் அயலார் நுழைவதில்லை. அடுப்படியில் தாளிப்பு நிற்கும். கொப்புளம் உதிர்ந்தபின் மஞ்சளும் வேப்பிலையும் கலந்த நீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். பக்தியில் பிறந்த இவ்வழக்கம் ஓரளவு தனிமைப்படுத்தலாகவும் உதவியது. உடனிருந்து கவனித்தவர்களை மட்டும் அது காக்கவில்லை. 1802-இல் இந்தியாவுக்கு வந்த தடுப்பூசியை, தெய்வக் குற்றம் என அஞ்சித் தவிர்த்தவர்களும் உண்டு. 1975-க்குப் பின் நாட்டில் பெரியம்மை இல்லை. சின்னம்மைக்கு வேப்பிலை இன்றும் தொடர்கிறது. ஆனால் 2020-இல் கொரோனா பரவியபோது, இதே வட்டாரத்தின் குற்றாலநாதர் கோயிலிலேயே பக்தர்களுக்கு அனுமதி நிறுத்தப்பட்டது. வேண்டுதல்கள் வீட்டுப் பூசையறைக்குள் நடந்தன.