பெயர்ப் பட்டியலும் பக்க வடிவமும்

2004 டிசம்பர் 26ஆம் திகதி, திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த மூதூர், கிண்ணியா, நிலாவெளி, குச்சவெளிக் கரைகளை ஆழிப்பேரலை தாக்கியது. யார் உயிருடன் உள்ளார், எந்த முகாமில் உள்ளார் என்பதே அன்று எங்கும் எழுந்த வினா.

அதற்கு விடை தரும் பட்டியல் மணிக்கு மணி மாறக்கூடியது. கையால் எழுதிய இணையப் பக்கத்தில் ஒரு பெயரைத் திருத்தவும் கணினிமொழி அறிந்தவர் வேண்டும். உள்ளடக்க மேலாண்மை அமைப்பு இத்தடையை நீக்குகிறது. எழுத்து தரவுத்தளத்தில் இருக்கும். தோற்றம் வார்ப்புருவில் இருக்கும். படிவத்தை நிரப்பினால், பக்கத்தை அமைப்பே கோத்துத் தரும். 2003இல் வெளிவந்த வேர்ட்பிரஸ் இயங்குவதும் இவ்வாறே. பத்திரிகையாளனான எனக்கு இம்முறை பழக்கமானதே: செய்தி தருபவர் ஒருவர், திருத்துபவர் வேறொருவர், பக்கம் அமைப்பவர் இன்னொருவர்.

இதற்கு நெருங்கிய அடிப்படையில், அவ்வனர்த்தத்தை அடுத்து இலங்கை மென்பொருளாளர்கள் தொண்டாக உருவாக்கியதே 'சஹானா'. சிங்களத்தில் இச்சொல் நிவாரணத்தைக் குறிக்கும். காணாமற்போனோர், முகாம்கள், தொண்டு நிறுவனங்கள், தேவைகள் ஆகியவற்றுக்கு அதில் தனித்தனிப் பதிவேடுகள் இருந்தன. கட்டற்ற மென்பொருளாக விளங்கியதால், 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவின்போதும் அது பயன்பட்டது.

ஆயினும் ஒன்றை மறத்தல் ஆகாது. தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வெவ்வேறாக எழுதப்படும் ஒரே பெயர், பதிவேட்டில் மூவராகிவிடக்கூடும். பெயரைச் சரியாகக் கேட்டு எழுத, முகாம் வாயிலில் ஒருவர் அமர்ந்திருந்தே ஆகவேண்டும்.