‘வயித்துவலி’னு எழுதிக்குங்க சார்!

1965-ம் வருடம். மதுரை எர்ஸ்கின் ஆஸ்பத்திரியில் (இன்றைய அரசு ராஜாஜி மருத்துவமனைதான்!) சேர்க்கப்பட்ட 114 பேரைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை ஒன்று, இந்திய மனநல மருத்துவ இதழில் வெளியானது. 114 பேருமே தற்கொலைக்கு முயன்று, அவசரமாகத் தூக்கிவரப்பட்டவர்கள். எழுதியவர், மதுரையில் மனநல மருத்துவராக இருந்த டாக்டர் வெங்கோபராவ். அடுத்த வருடமே டாக்டர் கணபதியுடன் சேர்ந்து, மதுரையில் நடந்த தற்கொலைகளைப் பற்றித் தனியாக இன்னோர் ஆய்வையும் கொண்டுவந்தார்.

‘இதில் என்ன அதிசயம்?’ என்கிறீர்களா? இருக்கிறது!

அந்தக் காலத்தில் அப்படி வந்து சேருபவரின் கட்டிலருகே இரண்டு பேர் நிற்பார்கள். ஒருவர் டாக்டர் - உயிரைக் காப்பாற்ற. இன்னொருவர் போலீஸ்காரர் - வாக்குமூலம் வாங்க! காரணம், 1860-ல் பிரிட்டிஷ் ஆட்சியில் எழுதப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவு. தற்கொலைக்கு முயன்று பிழைத்துக்கொண்டால், ஓராண்டு வரை சிறை. அதாவது, வாழவே முடியாது என்று நொந்துபோனவனை ஜெயிலுக்கு அனுப்பி, வாழ்க்கையின் மீது ஆசை வரவழைக்கும் விநோத வைத்தியம்!

விளைவு? உண்மை வெளியே வரவில்லை. “என்னய்யா ஆச்சு?” என்று ஏட்டையா கேட்டால், பையனின் அப்பா முந்திக்கொள்வார்: “ஒண்ணுமில்ல சார்... ரொம்ப நாளா தீராத வயித்துவலி. அப்படியே எழுதிக்குங்க!” மறுநாள் பேப்பரின் மூலையிலும் அதே வயிற்றுவலி. உண்மையிலேயே நோயின் வேதனை தாங்காதவர்கள் உண்டு. ஆனால் கடன், குடி, மாமியார் வீட்டுச் சண்டை, காதல், பரீட்சை... எல்லாமே அந்த ஒரு வயிற்றுக்குள் போய் ஒளிந்துகொண்டதும் உண்டு. கேஸுக்கு பயம் பாதி, ‘ஊர் என்ன சொல்லுமோ’ பாதி.

டாக்டர்கள் கேட்ட கேள்வியோ வேறு. ‘யார் குற்றவாளி?’ என்பதல்ல... ‘ஏன் இந்த நிலைமைக்கு வந்தார்?’ என்பது!

அந்த ‘ஏன்’ என்பதற்கு ஒற்றை வரி பதில் கிடையாது என்பதுதான் இன்றைய மருத்துவத்தின் முடிவு. 2022-ல் இந்தியாவில் பதிவான தற்கொலைகள் 1,70,924. அதில் தமிழ்நாட்டில் மட்டும் 19,834 - நாட்டிலேயே இரண்டாவது இடம். தேசிய அளவில், கிட்டத்தட்ட மூன்றில் ஒன்றுக்குக் ‘குடும்பப் பிரச்னை’ என்று காரணம் எழுதியிருக்கிறார்கள். ஆனால் குடும்பப் பிரச்னை இல்லாத வீடு ஏது? அதோடு மனச்சோர்வு நோயும், குடியும், தனிமையும் சேர்ந்து அழுத்தும்போது, ஏதோ ஒரு சின்ன வார்த்தை கடைசிச் சுமையாகிவிடுகிறது.

இன்னொன்று - பலருக்கு அந்த வெறி சில நிமிடங்களோ, சில மணி நேரமோதான். அதைக் கடத்திவிட்டால் பிழைத்துக்கொள்கிறார்கள். “ஒண்ணு கிடைக்கலேன்னா இன்னொண்ணைத் தேடிப் போவான் சார்” என்பார்கள். அது தப்பு என்று நிரூபித்தது இலங்கை! 1995-ல் அங்கே லட்சத்துக்கு சுமார் 47 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். கொடிய பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடைசெய்தார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் அந்த விகிதம் மூன்றில் ஒரு பங்குக்கு அருகே இறங்கிவிட்டது. நம்மூரிலும் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கம், பூ விவசாயம் செய்கிற கிராமங்களில், பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொது இடத்தில் லாக்கர் போட்டுப் பூட்டிவைத்துப் பார்த்தார்கள். பலன் கிடைத்தது. மல்லிகை விளைகிற மதுரைச் சுற்றுவட்டாரத்துக்கும் இந்தப் பாடம் அப்படியே பொருந்தும்.

அடுத்த மருந்து, பேச்சு! 1953-ல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார், மனம் உடைந்தவர்கள் பேசுவதற்காகவே ஒரு டெலிபோன் வைத்தார். சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் ‘சிநேகா’வைத் தொடங்கினார். மதுரையில் 1992-ல் டாக்டர் சி.ராமசுப்பிரமணியன் எம்.எஸ்.செல்லமுத்து அறக்கட்டளையை ஆரம்பித்து, மனநல சிகிச்சையைக் கிராமங்களுக்கும் கொண்டுபோனார்.

‘பேசினால் சரியாகிவிடுமா?’ என்று சந்தேகமா? உலக சுகாதார நிறுவனம் ஒரு சோதனை நடத்தியது. சென்னை, கொழும்பு உள்பட ஐந்து ஊர்கள். தற்கொலைக்கு முயன்று ஆஸ்பத்திரிக்கு வந்த 1,867 பேர். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பாதிக்கு அதோடு, ஒரு மணி நேரம் உட்கார்ந்து விளக்கமான பேச்சு. அப்புறம் பதினெட்டு மாதங்களில் ஒன்பது தடவை போனிலோ, நேரிலோ “எப்படி இருக்கீங்க?” என்ற விசாரிப்பு. அவ்வளவுதான்! 2008-ல் வெளியான முடிவு - வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் பிறகு தற்கொலையால் இறந்தவர்கள் 2.2 சதவிகிதம். விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவிகிதம்!

சட்டம்தான் ஆமை வேகத்தில் வந்தது. இந்தத் தண்டனையை இங்கிலாந்து 1961-லேயே கைவிட்டுவிட்டது. இங்கே 1994-ல் உச்ச நீதிமன்றம் 309-வது பிரிவு செல்லாது என்றது. 1996-ல் அதே நீதிமன்றம், செல்லும் என்றது! கடைசியில் 2017-ன் மனநலப் பாதுகாப்புச் சட்டம் (2018-ல் அமலானது), தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதி, தண்டிக்காமல் சிகிச்சை தரவேண்டும் என்றது. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் 309 இல்லை. அரசு ஊழியரைக் கடமையைச் செய்யவிடாமல் தடுக்கவோ, நிர்ப்பந்திக்கவோ தற்கொலைக்கு முயன்றால் மட்டும் தண்டனை உண்டு.

ஆக, போலீஸுக்கு பயந்து ‘வயித்துவலி’ சொல்லவேண்டிய காலம் போய்விட்டது. வீட்டுக்கு பயந்து சொல்கிற காலம் போய்விட்டதா?

வீட்டில் ஒருவர் சாப்பாடு, தூக்கம் குறைந்து, “நான் இல்லாட்டி உங்களுக்கெல்லாம் நிம்மதி” என்கிற மாதிரி பேசினால், மிரட்டல் என்று ஒதுக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, “செத்துடலாம்னு தோணுதாப்பா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுவோம் என்பது வெறும் பயம். கேட்டால் பாரம்தான் இறங்கும். தனியாக விடாதீர்கள். விஷமாகும் பொருட்களை எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள். ராஜாஜி மருத்துவமனை மனநலப் பிரிவுக்கோ, அருகிலுள்ள டாக்டரிடமோ கூடவே போங்கள். எந்த நேரமும் இலவசமாகப் பேச, மத்திய அரசின் 14416, தமிழக அரசின் 104 என்ற எண்கள் இருக்கின்றன. உங்களுக்கே அப்படித் தோன்றினாலும் இதே எண்கள்தான்.

சிகிச்சைக்குப் பிறகு? மாதத்துக்கு ஒரு தடவையாவது “எப்படிப்பா இருக்கே?” என்று ஒரு போன் போடுங்கள். ஐந்து ஊர்களில் உயிரைக் காப்பாற்றிய மருந்து அது!