புதைந்த வனங்கள்: ஏறு பெரணியும் பேராசிரியர் ஸாஹ்னியும்

நிலக்கரிக் காலத்துப் பெருஞ் சதுப்பு வனங்கள் வறண்டு மடிந்த வரலாற்றை இவ்வாரம் சொல்வதாகச் சென்ற இதழில் வாக்களித்திருந்தேன். லெபிடோடென்ட்ரான் முதலிய ராட்சத விருட்சங்களை வாசகர்கள் நன்கறிவார்களாதலால் அவற்றை மீண்டும் விரிக்காமல் மேலே செல்லலாமென்று பார்த்தால், அக்காலத்து மரங்களைப் பற்றி ஏறிய பெரணி ஜாதி ஒன்று வழியை மறித்து நிற்கிறது. அதற்குரிய மரியாதையைச் செய்யாமல் கடந்து போக மனம் ஒப்பவில்லை.

நம் திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறையில் எத்தனை தேடினாலும் ஓர் இலையின் சுவடும் அகப்படாது. பூமியின் ஆழத்து வெப்பத்தில் வெந்து உருமாறி இறுகிய அந்தப் பாறை, நிலத்தில் இலை என்ற ஒன்று தோன்றுவதற்கு முந்தியது. ஆனால் மேற்கே பழனி மலைச் சரிவுகளில் லைகோடியம் என்னும் ஏறு பெரணி இன்றும் உயிரோடு படர்ந்திருக்கிறது. அதன் தண்டு மண்ணுக்குள்ளேயே அடங்கிக் கிடக்க, புதர்களைச் சுற்றி வளைத்துக்கொண்டு மேலே செல்வதாக நாம் காண்பது, நுனி ஓயாமல் வளர்ந்துகொண்டே போகும் ஒரே ஓர் இலைதான். முப்பது அடிக்கும் மேலாக நீளக்கூடிய அவ்விலையைக் கொடியென்றே மக்கள் நினைத்துவிடுகிறார்கள்.

லைகோடியத்துக்கும், பழைய வனத்தில் தண்டினாலேயே ஏறிய ஆங்கைராப்டெரிஸ் என்னும் பெரணிக்கும் நேரான வம்ச உறவு கிடையாது. தொழில் மட்டும் ஒன்று. ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரத்தில், சுமார் 29 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பலில் புதைந்து கல்லாய்ச் சமைந்த வனத்திலே, ஸாரோனியஸ் என்ற பெரணி மரத்தின் அடியைப் போர்த்திய தடித்த வேர்க்கற்றைகளைப் பற்றியபடியே ஆங்கைராப்டெரிஸ் கிடைத்திருக்கிறது. சதுப்பு நிலம் இளகியது. நீர் தேங்கிய சேற்றில் பிராணவாயு குறைவு. அங்கே தன் காலில் நிற்க விரும்பும் செடி வேருக்கும் அடிமரத்துக்கும் பெருஞ் செல்வத்தைச் செலவிட வேண்டும். ஏறு பெரணியோ அச்செலவை மிச்சம்பிடித்து, அதையெல்லாம் இலையாக்கி வெளிச்சத்தை அடைந்தது. இதைச் சுரண்டல் என்று இகழ்வோரோடு நான் உடன்படேன். பற்றுக்கோடின்றி ஏறுவதற்கு வழியில்லையாதலால், ஓர் ஏறு பெரணியின் எச்சம் அகப்பட்டால் அதைத் தாங்கிய மரமோ புதரோ அங்கே இருந்ததென்பது உறுதி. ராட்சத மரங்களை மட்டும் பாடும் சரித்திரக்காரர்கள் இந்த எளிய சாட்சியைப் புறக்கணிப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

புறக்கணிக்காதவர் தாவர சாஸ்திரி பீர்பல் ஸாஹ்னி. 1891-இல் பேரா என்னும் பஞ்சாப் ஊரில் பிறந்து, கேம்பிரிட்ஜில் ஸீவர்ட் என்ற தாவர சாஸ்திரியிடம் பயின்ற இம்மேதை, 1915-இல் வெளியிட்ட ஆரம்பக் கட்டுரைகளுள் ஒன்றில் ஆராய்ந்தது கல்லான மரத்தையன்று. நெப்ரோலெபிஸ் வொலுபிலிஸ் என்ற, நீண்ட ஓடு தண்டுகளால் மரமேறும் உயிருள்ள பெரணியையே. உயிருள்ளதன் உட்கூற்றைக் கண்ணாரக் கண்ட பிறகே அவர் இறந்ததன் உட்கூற்றுக்குப் போனார். ஆங்கைராப்டெரிஸையும் சேர்த்து எண்ணப்பட்டு வந்த ஸைகாப்டெரிட் பெரணிகளின் இலை எவ்வாறு கிளைக்கிறது என்பதை 1918-இல் விளக்கினார். ஆஸ்திரேலியக் கல்லொன்றை அறுத்து ஆராய்ந்து, பல மெல்லிய தண்டுகள் தம் வேர்களாலேயே பின்னுண்டு ஓர் அடிமரம்போல் நின்ற ஆஸ்ட்ரோகிளெப்ஸிஸ் என்ற புதிய பேரினத்தை 1932-இல் நிறுவினார். இடையே ரோத்தக் அருகே பழங்காலத்து நாணய வார்ப்பு அச்சுகளைக் கண்டெடுத்து, 1945-இல் அவற்றைப் பற்றியும் ஒரு நூல் எழுதினார். தாவர சாஸ்திரிக்கு நாணயத்தில் என்ன வேலை என்று கேட்பவர்கள், அச்சில் பதிந்த வடிவத்தைக் கொண்டு மறைந்துபோன பொருளை அறிவதே அவருடைய வாழ்நாள் வித்தை என்பதை மறந்தவர்கள். லக்னோவில் அவர் கனவு கண்ட ஆராய்ச்சி நிலையத்துக்கு, புதைபடிவங்களைப் பதித்து அவரே சமைத்த அஸ்திவாரக் கல்லை நேரு 1949 ஏப்ரல் 3-ஆம் தேதி நாட்டினார். ஒரு வாரத்தில், 10-ஆம் தேதி, ஸாஹ்னி காலமானார். நிலையத்தைத் தாங்கி வளர்த்தவர் அவருடைய மனைவி ஸாவித்ரி அம்மையார். அவ்வம்மையாரை இந்நாட்டு விஞ்ஞானம் போதிய அளவு போற்றியதாக நான் எண்ணவில்லை.

ஐரோப்பாவில் அச்சதுப்பு வனங்கள் தழைத்தபோது நம் பாரதமோ தென்துருவத்தை அடுத்துப் பனியில் உறைந்திருந்தது. ராணிகஞ்ச், ஜாரியா நிலக்கரி பிற்பாடு வந்த குளிர்நாட்டு குளோஸாப்டெரிஸ் மரங்களின் சொத்து. வெப்பச் சதுப்பின் கதைக்கு நாம் நெய்வேலிக்குத்தான் போக வேண்டும். அங்கே கிடைத்த பழுப்பு நிலக்கரியைக் கரைத்து, 1960-களில் ராமானுஜம் என்ற ஆராய்ச்சியாளர் பிரித்தெடுத்த பெரணி வித்துத்தூள்களில் லைகோடியத்தை ஒத்தவையும் உள்ளன. ஆகவே மயோசீன் காலத்ததென்று அவர் கருதிய அக்காட்டிலும் ஏதோ ஒன்று எதையோ பற்றி ஏறியிருக்க வேண்டும்.

லெபிடோடென்ட்ரான் குலம் மடிய, பெரணி மரங்கள் அதன் ராஜ்யத்தைப் பிடித்துக்கொண்ட அந்த வறட்சியை அடுத்த இதழில் விரிப்பேன். ஸாரோனியஸைப் பற்றி நின்ற ஆங்கைராப்டெரிஸுக்கு அந்தப் பிரளயத்தில் நஷ்டமில்லை. தன்னைத் தாங்கிய மரமே பட்டத்துக்கு வந்துவிட்டது.